பிரசவ அறை இருக்கிறது, பிரசவம்தான் இல்லை: மலையகத் தாய்மாரும் வைத்தியசாலைகளின் பயமும்

மலையகத்தின் சிறு நகரங்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகள் பலவற்றில் பிரசவ அறை என்று ஒரு பலகை தொங்கும். உள்ளே கட்டில் இருக்கும், விளக்கு இருக்கும், பிறந்த பிள்ளையைச் சூடாக வைக்கும் மேசைகூட இருக்கும். ஆனால் வலியோடு வருகிற பெண்ணை அங்கேயே வைத்துப் பார்ப்பது குறைந்துகொண்டே வருகிறது. "டிக்கோயாவுக்குப் போங்க", "நுவரெலியாவுக்குப் போங்க", "நாவலப்பிட்டிக்குக் கொண்டு போங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "எங்க அம்மாவுக்கெல்லாம் இங்கதானே பிள்ளை கெடைச்சது, இப்ப மட்டும் என்னாச்சு?" என்று தோட்டத்தில் பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் உண்மையானவை. மகப்பேற்று நிபுணர் இல்லை, மயக்க மருந்து நிபுணர் இல்லை, இரத்த வங்கி இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனதில் இந்த இல்லைகள் இன்னும் கூடின. இவற்றோடு சத்தம் போடாமல் நிற்கும் இன்னொரு காரணமும் உண்டு. "ஏதாவது நடந்தா யாரு பதில் சொல்றது?" வாட்டில் இருக்கும் இளம் டொக்டரும், இரவு வேலைக்கு நிற்கும் தாதி மிஸ்ஸியும், களத்தில் திரியும் மிட்வைப்பும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. வைத்தியசாலையின் பொறுப்பு, அதாவது தப்பு நடந்தால் யார் தலையில் விழும் என்கிற பயம், பிரசவத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு விசித்திரம். இலங்கையில் மருத்துவக் கவனயீன வழக்குகள் பெருக்கெடுத்து ஓடவில்லை. நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் வழி ரோமன் டச்சுச் சட்டப்படி இருக்கிறது. ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்கிறது காலவிதிப்புச் சட்டம். அரச வைத்தியசாலை என்றால் எதிரில் நிற்பவர் சட்டமா அதிபர். டொக்டர் தவறு செய்தார் என்று சொல்ல இன்னொரு டொக்டர் சாட்சிக்கு வர வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன வட்டத்தில் அது லேசான காரியமல்ல.

இந்தப் பாதை எவ்வளவு குறுகியது என்பதற்குக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியாணி சொய்சா மீது போடப்பட்ட வழக்கைப் பார்த்தால் போதும். மூளையில் கட்டி வந்து இறந்த ஒரு சிறுமியின் வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்றும் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு விட்டுச்சென்ற பாடம். கொழும்பில் வாழ்ந்த, சட்டம் தெரிந்த ஒரு குடும்பத்துக்கே இந்தக் கதி என்றால், அப்கொட்டிலோ பொகவந்தலாவையிலோ நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண் நீதிமன்றம் போவாள் என்று யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

அப்படியென்றால் வைத்தியர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? பணத்துக்கு அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்கிறது. அந்தப் பிரிவு வீதி விபத்துக்குத்தான் பெரும்பாலும் பயன்படும், ஆனால் வைத்தியருக்கும் பொருந்தும். தாய் இறந்தால் பிரேத பரிசோதனை, அமைச்சின் விசாரணை, மருத்துவ சபைக்கு முறைப்பாடு. இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே வாட்டுக்கு வெளியே யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றியிருக்கும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 10 வருஷம் எடுக்கும், முகநூல் அன்றைக்கு இரவே சொல்லிவிடும்.

தாய்மார் மரணங்களை ஆராய இலங்கையில் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மரணமும் வைத்தியசாலையிலும் மாவட்டத்திலும் தேசிய மட்டத்திலும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழியாகப் பரிசீலிக்கப்படுகிறது. குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடுவதுதான் அதன் நோக்கம். 1930-களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000 அளவில் இருந்த தாய்மார் மரணம், கொவிட் காலத்தை விட்டுவிட்டால், அண்மைக் காலத்தில் 30-ஐ ஒட்டி நிற்கிறது. தெற்காசியாவில் இது பெரிய சாதனை. ஆனால் காகிதத்தில் குற்றம் தேடாத கூட்டமாக இருந்தாலும், பெரியவர்கள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து நின்று "அன்று இரவு 11 மணிக்கு நீ ஏன் அனுப்பவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் மிட்வைப்புக்கு அது விசாரணையாகத்தான் படும். "ஏன் அனுப்பினாய்?" என்று யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க அவர் அடுத்த முறை என்ன செய்வார்? அனுப்பிவிடுவார்.

இந்த மாதிரிப் பயம் ஒரு நாட்டின் மகப்பேற்றுச் சேவையையே அசைத்துவிடும் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். புகுஷிமா மாகாணத்தின் ஓகுமா என்ற சிற்றூரில் இருந்த ஓனோ வைத்தியசாலையில் 2004 டிசம்பரில் ஒரு தாய் சீசரின்போது, அதாவது வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கும்போது, இறந்தார். நச்சுக்கொடி கருப்பைச் சுவரோடு ஒட்டிப்போய், பிரிக்கும்போது இரத்தம் நிற்கவில்லை. அந்த வைத்தியசாலையில் மகப்பேற்றுக்கு இருந்தது ஒரே ஒரு வைத்தியர். 2006 பெப்ரவரியில் பொலிஸ் அவரைக் கைது செய்தது. 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. ஆனால் அந்த இரண்டரை வருஷத்துக்குள், தனி ஆளாக நின்று சிறு ஊர்களில் பிரசவம் பார்ப்பது ஆபத்தான வேலை என்ற எண்ணம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சிறிய இடங்களில் பிரசவ வாட்டுகள் மூடுவதும், பெரிய வைத்தியசாலைகளில் எல்லாவற்றையும் குவிப்பதும் வேகம் பிடித்தன. மலையும் தூரமும் பனியும் உள்ள ஊர்க்காரர்களுக்கு அதன் விலை என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே பயம் பணத்தில் இருக்கிறது. வழக்கும் காப்புறுதித் தவணையும் சேர்ந்து பிரசவ அறைக்குள் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தன, இரண்டும் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன.

ஒன்று சீ.டி.ஜீ. வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் கீறும் இயந்திரம். 1970-களில் பரவியபோது, மூளை வாதத்தோடு பிறக்கும் பிள்ளைகள் குறைவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. தொடர்ந்து இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பதையும், இடைவெளி விட்டுக் காதால் கேட்டுப் பார்ப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது, மூளை வாதம் குறையவில்லை, சீசர் கூடியது. ஆனாலும் இயந்திரம் போகாது. ஏனென்றால் அந்தக் காகிதம் ஒரு சாட்சி. கோடு சற்றுத் தாழ்ந்த இடத்தில் டொக்டர் கத்தியை எடுக்காமல் விட்டு, பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அந்த மூன்று அங்குலத் துண்டைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிப்பார்கள். தேவையில்லாமல் சீசர் செய்தார் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. சீசர் செய்யவில்லை என்றுதான் போடுவார்கள். பயத்தின் சாய்வு முழுவதும் ஒரே பக்கம்.

இரண்டாவது, சீசருக்குப் பிறகு சுகப்பிரசவம். முதல் பிள்ளை சீசர் என்றால் அடுத்ததும் சீசர்தான் என்று கட்டாயமில்லை. முயன்று பார்ப்பவர்களில் 60 முதல் 80 வீதமானோருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய வெட்டுத் தழும்பு பிரசவ வலியில் கிழியும் ஆபத்து 200 பேரில் ஒருவரை ஒட்டியது. சிறியதுதான், ஆனால் நடந்தால் நிமிஷக் கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும். 1996-ல் அமெரிக்காவில் முன்பு சீசரான பெண்களில் 28 வீதமானோர் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற்றார்கள். 1999-ல் அங்குள்ள மகப்பேற்று நிபுணர் கல்லூரி, சத்திரசிகிச்சைக் குழு உடனடியாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியது. 24 மணி நேரமும் மயக்க மருந்து நிபுணரை உட்காரவைக்க முடியாத சிறு வைத்தியசாலைகள், அந்த ஒரு வரியைக் காட்டி வழக்கு வந்தால் தப்ப முடியாதென்று, முயற்சியையே தடைசெய்துவிட்டன. சில ஆண்டுகளில் அந்த 28 வீதம் 10-க்கும் கீழே போனது. 2010-ல் கல்லூரி தன் வார்த்தையைத் தளர்த்தியது. மூடிய கதவுகள் அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை.

சரி, இதை டிக்கோயாவுக்கு மேலே கொண்டு வருவோம். இலங்கையில் சீசர் 2006–07 குடித்தொகை சுகாதார அளவீட்டில் 24 வீதம், 2016 அளவீட்டில் 32 வீதம். அதற்குப் பிறகும் ஏறுமுகம்தான். தோட்டப்புறத்தில் நகரத்தையும் கிராமத்தையும்விடக் குறைவு. அது நல்ல செய்தியா, எட்டாத செய்தியா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, ஒரு நாட்டின் சீசர் வீதம் 10-ஐத் தாண்டியபின் கூடக் கூட, அதனால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்பது. எந்தப் பெண்ணுக்கும் தேவையான சீசர் கிடைக்காமல் போகக்கூடாது என்பதையும் அது சேர்த்தே சொன்னது. இரண்டாவது பாதியை நாம் மறக்கக்கூடாது. மஸ்கெலியாவில் குறுக்கே கிடக்கும் பிள்ளையோடு தவிக்கும் பெண்ணுக்கு "சீசர் கூடிப்போச்சு" என்ற பேச்சு எதற்கு?

ஒரு நிபுணரும் ஒரு மயக்க மருந்து நிபுணரும் உள்ள ஆதார வைத்தியசாலையில், பழைய தழும்போடு வரும் பெண்ணை இரவெல்லாம் வலியில் விட்டுப் பார்ப்பது பெரிய பொறுப்பு. நாள் குறித்துப் பகலில் வெட்டி எடுத்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. முதலாவது சீசர், இரண்டாவதும் சீசர். ஆபத்து அங்கே முடிவதில்லை, இடம் மாறுகிறது. நச்சுக்கொடி கீழே இறங்கி இருக்கும் தாய்க்கு அது கருப்பைச் சுவரில் ஒட்டிப்போகும் வாய்ப்பு, முதல் சீசரில் 3 வீதம், இரண்டாவது சீசரில் 11, மூன்றாவதில் 40 என்று ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஓனோவில் தாயைக் கொன்றது இதே கோளாறுதான். இன்றைய பயத்துக்குச் செய்த சீசர், ஐந்து வருஷம் கழித்து வேறொரு டொக்டரின் மேசையில் இரத்தப்போக்காக வந்து நிற்கலாம். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக இருப்பதால் அவர்களுக்கு இழக்க அதிக இரத்தமும் இல்லை.

அப்புறம் வேலை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி 12 வாரம் விடுமுறை, பிரசவத்துக்கு முன் 2, பின் 10. வயிறு வெட்டிய பெண்ணும் பத்து வாரம் முடிந்து கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அதே சரிவில் ஏற வேண்டும். வாட்டு டிக்கட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், இது பக்கவிளைவாக எழுதப்படுவதில்லை.

அனுப்பிவிடும் பழக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டாவது பிள்ளைக்காரி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 2 மணிக்கு வலி. லயத்திலிருந்து பிரதான வீதிவரை தோட்டத்துப் பாதை, மழையில் பள்ளமும் கல்லுமாய்க் கிடக்கிறது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம், வரும், ஆனால் கீழே தார் ரோட்டில்தான் நிற்கும். கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள், அல்லது தெரிந்தவரின் ஆட்டோ. பக்கத்து வைத்தியசாலையில் மிஸ்ஸி சோதித்துப் பார்க்கிறார், கருப்பை வாய் 6 சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது. 5-ல் இருந்தே பிரசவம் வேகம் பிடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, இரண்டாவது பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். மருத்துவக் கண்ணால் பார்த்தால் இவளை இங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. பொறுப்புக் கண்ணால் பார்த்தால் அனுப்புவது நல்லது. "இரத்தம் போனால் இங்கே இரத்தம் இல்லை" என்ற வாதத்துக்கு மறுபேச்சும் இல்லை. துண்டில் நேரம் எழுதப்படுகிறது, தொலைபேசியில் யாருக்கு அறிவித்தோம் என்று எழுதப்படுகிறது, கையொப்பம் இடப்படுகிறது. அந்தக் கையொப்பத்தோடு பொறுப்பு அம்புலன்ஸில் ஏறிவிட்டது. நோர்வூட் வளைவில் பிள்ளை பிறந்தால் அது யாருடைய கவனயீனமும் அல்ல, இயற்கை.

இதைத் தவிர்க்கத்தான் தூரத் தோட்டத்துத் தாய்மாரைக் குறித்த நாளுக்கு முன்னமே வாட்டில் வந்து படுக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் மூத்த பிள்ளைகளை யாரிடம் விடுவது? பார்த்துக்கொள்ள மாமியாரோ புருஷனோ வேலைக்குப் போகாமல் நின்றால் அந்த வாரத்துப் பேர், அதாவது நாட்சம்பளம், போகும். தவிர, வலி வராத பெண் வாட்டில் நாட்கணக்கில் படுத்திருந்தால், "ஏன் சும்மா காத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வி டொக்டரின் தலையில் ஏறுகிறது. வலிக்கு மருந்து வைக்கிறார்கள், வலி சரியாக வரவில்லை என்றால் சீசர். எல்லா வாட்டிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பயமும் தூரமும் சேர்ந்தால் பாதை இந்தப் பக்கம் சரிகிறது என்பது என் கணிப்பு.

இனிக் கையெழுத்து. பொறுப்புப் பயம் மிக அதிகமாகப் பெருக்குவது காகிதத்தை. சீசருக்குச் சம்மதம், மயக்க மருந்துக்குச் சம்மதம், சொந்த விருப்பில் வெளியேறினால் அதற்கொரு கையொப்பம். நோக்கம் தாய்க்கு விளக்குவது. 2015-ல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் மொன்கொமரி வழக்கில் இதைத்தான் அழுத்திச் சொன்னது. நீரிழிவு உள்ள, உருவத்தில் சிறிய ஒரு தாயிடம், சுகப்பிரசவத்தில் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளலாம் என்று டொக்டர் சொல்லவில்லை. சொன்னால் சீசர் கேட்பார் என்பது அவர் நினைப்பு. தோள் சிக்கியது, பிள்ளைக்கு மூளைப் பாதிப்பு. டொக்டர்கள் வழக்கமாக எதைச் சொல்வார்கள் என்பது அளவுகோல் அல்ல, அந்தத் தாய் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாள் என்பதே அளவுகோல் என்றது தீர்ப்பு. நட்டஈடு 50 இலட்சம் பவுண்டுக்கு மேல்.

இந்த அளவுகோலை மலையக வாட்டில் வைத்துப் பாருங்கள். படிவம் பல நேரம் சிங்களத்தில், அல்லது ஆங்கிலத்தில். 1987-லிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனால் இரவு 3 மணிக்கு வாட்டில் தமிழ் பேசும் ஆள் இருப்பது அதிர்ஷ்டம். துப்புரவுக்கு வந்த அக்காதான் பாதி நேரம் மொழிபெயர்ப்பாளர். "இதில சைன் வைங்க, பிள்ளைக்கு ஆபத்து" என்ற ஒரு வரியோடு விளக்கம் முடிகிறது. வைத்தியசாலை தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டது, தாய்க்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. இரண்டாவது மூன்றாவது சீசரின்போது இதே மேசையில் எல்.ஆர்.டி. கேள்வியும் வரும், அதாவது நிரந்தரக் கருத்தடை. மூன்று முறை வெட்டிய கருப்பைக்கு இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று டொக்டர் சொல்வதில் மருத்துவம் இருக்கிறது. ஆனால் 1980-களில் இந்தச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்த காலத்தை மலையகம் மறக்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்ற முறைப்பாடுகள் தோட்டங்களில் இன்னும் பேசப்படுகின்றன. வலியின் நடுவே, தெரியாத மொழியில், ஒரே காகிதக் கட்டில் மூன்றாவது தாளாக வரும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வைத்தியர்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. பயம் நல்லதும் செய்திருக்கிறது. நேரம் குறித்து எழுதும் பழக்கமும், இரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்ப்பதும், மூத்த டொக்டரை நடு இரவில் எழுப்பத் தயங்காததும் கொஞ்சம் அதனால் வந்தவைதான். ஆனால் பல நேரம் பயம் ஒரு போர்வையாகவும் ஆகிவிடுகிறது. ஆள் இல்லை, இரத்தம் இல்லை, அம்புலன்ஸுக்குப் பாதை இல்லை என்று அமைச்சைப் பார்த்துக் கேட்பதைவிட, "பொறுப்பு எடுக்க ஏலாது" என்று தாயிடம் சொல்வது சுலபம். வழக்கே போடாத தோட்டத்துப் பெண், யாரோ போடக்கூடும் என்ற பயத்துக்கான செலவைத் தன் உடம்பால் கட்டுகிறாள். அவளுக்கு உண்மையிலேயே அநியாயம் நடந்தால் கேட்கப் போக அவளுக்கு ஓர் இடமும் இல்லை.

வேறு வழி இல்லாமலில்லை. ஓனோ வழக்கின் சூடு ஆறாத 2009-ல் ஜப்பான் ஒரு திட்டம் தொடங்கியது. பிரசவத்தில் கடும் மூளை வாதம் வந்த பிள்ளையின் குடும்பத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே 3 கோடி யென், தவணையாக. கூடவே என்ன நடந்தது என்ற ஆய்வறிக்கை பெற்றோருக்கும் வைத்தியசாலைக்கும். நியூசிலாந்து 1974-லிருந்தே குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத நட்டஈட்டு முறையை நடத்துகிறது. இலங்கை இன்றைய கடன் நிலையில் 3 கோடி யெனைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அந்த ஆய்வறிக்கைக்குப் பெரிய காசு தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். சம்மதப் படிவத்தைக் கிளினிக்கிலேயே, எட்டாம் மாதத்தில், தமிழில் வாசித்துக் காட்டுவதற்கும் காசு தேவையில்லை. பிரசவ அறையில் கூட ஓர் ஆள் இருந்தால் சீசர் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மலையகத்தில் அந்த ஆள் மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பாள். வாட்டுகள் தயங்குவது இடம் போதாது என்பதால் மட்டுமா, கையில் போனோடு ஒரு சாட்சி நிற்கும் என்பதாலுமா என்று எனக்குச் சந்தேகம்.

இவை நடக்கும்வரை குடும்பங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. சீசர் முடிந்து வீட்டுக்கு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டை வாங்கிப் பாருங்கள். ஏன் சீசர் செய்தார்கள், கருப்பையில் வெட்டு குறுக்கா நெடுக்கா, இரத்தம் ஏற்றினார்களா, எல்.ஆர்.டி. செய்தார்களா இல்லையா, நான்கும் அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் வாட்டை விட்டு இறங்குவதற்கு முன் எழுதித் தரச் சொல்லலாம். பிள்ளை குறுக்கே இருந்ததால் செய்த சீசருக்கும், வழி போதாமல் செய்த சீசருக்கும் அடுத்த பிரசவத்தில் பதில் வேறு. நெடுக்கு வெட்டு என்றால் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. அடுத்த முறை கிளினிக்கில் அந்தக் கார்ட் இல்லாமல் உட்கார்ந்தால், டொக்டர் என்ன செய்வார் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.